தலைய ஸ்கேன் எடுக்காம ஆட்டிசம்னு எப்படி சொல்றாங்க? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆட்டிசம் பத்தி சின்னதா எழுதினதுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துல இருந்து நிறைய கடுதாசியும் வாட்ஸ்அப் மெசேஜும் வந்திருக்கு. பாதிக்கு மேல மூளை ஸ்கேன் பத்தின கேள்விதான், அதனால இந்த வாட்டி முழுசும் அதுக்கே எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான், ஃபேன் சுத்தறதயே பாத்துகினு இருப்பான், பேச்சு இன்னும் வரல. வேலூர்ல டாக்டர் ஒரு மணி நேரம் அவனோட தரையில ஒக்காந்து விளையாடி, என்ன வரிசையா கேள்வி கேட்டு, ஆட்டிசம்னு சொன்னாங்க, ஸ்கேன் எதுவும் எழுதல. எங்க அத்தை "இவ்ளோ மிஷின் வச்சிகினு தலைய ஒரு படம் கூட எடுக்காம எப்படி சொன்னாங்க"ன்னு தினமும் கேக்கறாங்க. வீட்டுக்காரர் மனசு நிம்மதிக்காவது வெளியில ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்ன்றாரு. எடுக்கலாமா? - குடியாத்தம் வாசகி

பதில்: உங்க அத்தை கேக்கறது நியாயமான கேள்விதான்மா. காட்பாடி ஸ்டேஷன்ல தினமும் வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் ஜனங்க வைத்தியத்துக்காக மூட்டை முடிச்சோட வந்து எறங்கறாங்க, அப்படிப்பட்ட ஊர்ல இருந்துகினு நம்ம புள்ளைக்கு ஒரு ஸ்கேன் எழுதலன்னா மனசு ஆறாதுதான். ஆனா உங்க டாக்டர் செஞ்சது முழுக்க சரி. உலகத்துல எந்த ஊர்ல போனாலும் இன்னிக்கு தேதிக்கு ஆட்டிசத்த கண்டுபிடிக்கறது இப்படித்தான், தரையில ஒக்காந்து விளையாடி, குழந்தை கண்ண பாக்குதா, விரல் நீட்டி காட்டுதா, கூப்பிட்டா திரும்புதா, ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப செய்யுதான்னு பாத்து, பெத்தவங்கள உக்கார வச்சு பொறந்ததுல இருந்து நடந்தத கேட்டு. 1943ல லியோ கேனர்னு அமெரிக்காவில இருந்த குழந்தைங்க மனநல டாக்டர் 11 குழந்தைங்கள வச்சு ஆட்டிசம் பத்தி தன்னோட முதல் கட்டுரை எழுதினப்பவும் இதைத்தான் செஞ்சார், இப்பவும் அடிப்படை அதேதான்.

எம்.ஆர்.ஐ. எதுக்குன்னா மூளையில கட்டி இருக்கா, ரத்தம் கசிஞ்ச தழும்பு இருக்கா, நீர் கோத்திருக்கா, மூளை உருவானதுல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாக்கறதுக்கு. ஆட்டிசம் இருக்கற பெரும்பாலான குழந்தைங்களுக்கு எடுத்துப் பாத்தா ரிப்போர்ட்ல நார்மல்னு வரும், இல்லன்னா வைத்தியத்த மாத்தாத ஏதோ ஒரு சின்ன குறிப்பு வரும். இங்கதான் எனக்கு பயமே. நார்மல்னு ஒரு காகிதம் கையில வந்ததும் "பாத்தியா, புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு வீட்டுல எல்லாரும் சேந்து தெரபிய நிறுத்திட்ட குடும்பங்கள நான் பாத்திருக்கேன், நாலு வயசுல திரும்ப வருவாங்க, அந்த ஒன்றரை வருஷம் போனது போனதுதான். நிம்மதிக்காக எடுக்கற ஸ்கேன் இப்படி வேற பக்கம் கொண்டு போய் விட்டுடும். அதுவும் இல்லாம ரெண்டே முக்கால் வயசுப் பையன் அந்த சத்தத்துல அசையாம படுக்க மாட்டான், மயக்க மருந்து குடுத்துதான் எடுக்கணும், வெறும் வயித்துல வச்சிருக்கணும். பழகினவங்க பக்கத்துல இருந்து கவனிச்சு குடுத்தா பெரும்பாலும் ஆபத்து இல்லதான், இருந்தாலும் தேவை இல்லாத மயக்கம் எதுக்கு.

எப்ப கட்டாயம் டாக்டர்கிட்ட ஸ்கேன் பத்தி கேக்கணும்னும் சொல்லிடறேன். வலிப்பு வந்தா, பேச்சோ நடையோ நல்லா வந்தது திடீர்னு போயிட்டா, தலை அளவு வயசுக்கு ரொம்ப பெருசாவோ சின்னதாவோ இருந்தா, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலமில்லாம இருந்தா, தோல்ல இலை மாதிரி வெள்ளைத் திட்டு அங்கங்க இருந்தா (டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ்னு ஒரு நோய்ல இப்படி வரும், அதுல மூளைக்குள்ள சின்னச் சின்னக் கட்டியும் ஆட்டிசமும் சேந்தே வரலாம்), இதுல எது இருந்தாலும் டாக்டரே எழுதுவாங்க, சில சமயம் இ.இ.ஜி.யும் (மூளையோட மின் அலைகள பதிவு பண்ற டெஸ்ட்) சேத்து. இதெல்லாம் உங்க பையனுக்கு இல்லன்னா, ஸ்கேனுக்கு வச்சிருக்கற காசுல முதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டீங்களான்னு பாருங்க, பெரா-ன்னு சொல்வாங்க. பேச்சு வராத குழந்தைக்கு அது ரொம்ப முக்கியம், ஸ்கேன் ஸ்கேன்னு ஓடறதுல அத விட்டுடறாங்க. மிச்ச காசு தெரபிக்கு.

கேள்வி: ஐ.ஐ.டி., அமெரிக்கா என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், ஆறு மாதக் குழந்தையை ஸ்கேன் செய்தே ஆட்டிசம் வருமா என்று சொல்லிவிடுகிறார்களாம். உண்மையில் என்னதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்? அது உண்மையென்றால் நம் பேரக் குழந்தைகளுக்கு ஏன் செய்வதில்லை? - ஓய்வு பெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

பதில்: ஐயா, கணக்கு போட்டுப் பாக்க பொறுமை இருக்கற ஒருத்தர் கேட்டதுல சந்தோஷம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்த செய்தி பொய் இல்ல. 2001ல எரிக் கோர்ஷேன்ற மூளை ஆராய்ச்சியாளரோட குழுவினர் அமெரிக்காவில சான் டியேகோவில இருந்து ஒரு கட்டுரை போட்டாங்க, ஆட்டிசம் இருக்கற ரெண்டு மூணு வயசுப் பசங்களோட மூளை அளவு சராசரியா மத்த பசங்கள விட பெருசா இருக்கு, ஆனா வயசு ஏற ஏற அந்த வித்தியாசம் கொறஞ்சுடுதுன்னு. அப்ப எல்லாருக்கும் வந்த கேள்வி, இந்த வேகமான வளர்ச்சி எப்ப ஆரம்பிக்குது? ஆட்டிசம்னு தெரியறதே ரெண்டு வயசுக்கு அப்புறம்னா, அதுக்கு முன்னாடி யாரப் புடிச்சு ஸ்கேன் எடுக்கறது? அதுக்கு ஒரு நல்ல வழி பண்ணாங்க. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்த குழந்தைக்கும் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய 5ல 1, அதனால அப்படிப்பட்ட வீட்டுல பொறக்கற தம்பி தங்கச்சிகள கைக்குழந்தையில இருந்தே 6 மாசம், 12 மாசம், 24 மாசம்னு ஸ்கேன் எடுத்துகினே வர்றது, ரெண்டு வயசுல யாருக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சதும் பழைய படத்த எடுத்து திரும்பிப் பாக்கறது. ஐபிஸ்னு சுருக்கமா சொல்ற அமெரிக்க ஆய்வு இது, நார்த் கரோலினாவ தலைமையா வச்சு பல ஊர்ல நடக்குது.

2017ல ஹேஸ்லெட், பிவன் குழுவினர் நேச்சர்ன்ற அறிவியல் பத்திரிகையில போட்டது இதோட முக்கியமான முடிவு. அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைங்க 106, சாதாரண வீட்டுக் குழந்தைங்க 42. ரெண்டு வயசுல ஆட்டிசம்னு உறுதியான 15 குழந்தைங்களுக்கு, 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள மூளையோட மேல்பரப்பு மத்தவங்கள விட வேகமா விரிஞ்சிருக்கு, அப்புறம் 12ல இருந்து 24 மாசத்துல மொத்த மூளையே பெருசாயிருக்கு. அதாவது வெளியில நமக்கு ஒரு அறிகுறியும் சரியா தெரியாத காலத்துலயே உள்ள மாற்றம் நடந்துகினு இருக்கு. இந்த அளவுகள கம்ப்யூட்டருக்கு குடுத்து கணிக்கச் சொன்னப்ப, ஆட்டிசம் வந்த குழந்தைங்கள்ல 88 சதவீதம் பேர சரியா புடிச்சுது, வராத குழந்தைங்கள்ல 95 சதவீதம் பேர வராதுன்னு சரியா சொல்லிச்சு. அதே வருஷம் இன்னொரு கட்டுரை, 6 மாசக் குழந்தை தூங்கறப்ப அதோட மூளைப் பகுதிகள் ஒண்ணோட ஒண்ணு எப்படி சேந்து வேலை செய்யுதுன்னு பாத்தது, 59 குழந்தையில பின்னால ஆட்டிசம் வந்தது 11, அதுல 9 பேர முன்னாடியே சொல்லிச்சு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ஏன் எல்லாருக்கும் செய்யல? ஒரு 1000 குழந்தைய எடுத்துக்குவோம், ஆட்டிசம் இருக்கற அண்ணனோ அக்காவோ இல்லாத சாதாரண குழந்தைங்க. சுமாரா 100ல 1னு வச்சா இதுல 10 பேருக்கு ஆட்டிசம் வரும். மேல சொன்ன கணிப்ப அப்படியே போட்டா 10ல 9 பேர புடிச்சுடும், ரொம்ப நல்லது. ஆனா மிச்ச 990 பேர்ல 5 சதவீதம், ஏறக்குறைய 50 குழந்தைங்கள "இதுக்கும் வரும்"னு தப்பா சொல்லும். ஆக மொத்தம் 59 வீட்டுக்கு கெட்ட செய்தி போகும், அதுல 50 வீடு வீணா அழும். 5ல 1 வாய்ப்பு இருக்கற குடும்பங்கள்ல நல்லா வேலை செய்யற அதே கருவி ஊருக்கே போட்டா இப்படி ஆயிடுது, கருவி மேல தப்பு இல்ல, கணக்கு அப்படி. அதுலயும் அந்த எண்கள் ரொம்ப சின்ன கூட்டத்துல இருந்து வந்தது. வேற ஊர், வேற மிஷின், வேற குழந்தைங்கள்ல திரும்பத் திரும்ப செஞ்சு பாக்கணும், அந்த வேலை இன்னும் நடந்துகினு இருக்கு.

இன்னொண்ணு. இந்த ஆய்வுல வர்ற "பெருசு, சின்னது" எல்லாமே சராசரி. ஆம்பளைங்க சராசரியா பொம்பளைங்கள விட உயரம்தான், அதுக்காக உயரத்த மட்டும் அளந்து இது ஆண் இது பெண்ணுன்னு சொல்ல முடியுமா? மூளை அளவும் அதே கதைதான், ரெண்டு கூட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு நிறைய படிஞ்சு கெடக்குது. கலிஃபோர்னியாவில டேவிஸ் பல்கலைக்கழகத்துல 2006ல இருந்து நடக்கற ஒரு பெரிய ஆய்வுல, உடம்பு உயரத்தோட ஒப்பிட்டா மூளை ரொம்ப பெருசா இருக்கறது ஆட்டிசம் இருக்கற ஆண் குழந்தைங்கள்ல 15 சதவீதம் பேருக்குத்தான். அப்போ மிச்ச 85 சதவீதம்? ஆட்டிசம்னு நாம ஒரே பேர் வச்சிருக்கற விஷயத்துக்குள்ள பல வகை மூளை இருக்குன்னுதான் எனக்கு இதுல இருந்து புரியுது, இந்த ஆராய்ச்சியோட பெரிய பலனே இதுதான்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: மேடம், நான் காட்பாடி பக்கத்துல நர்சிங் மூணாவது வருஷம் படிக்கறேன். எங்க போஸ்டிங்ல எம்.ஆர்.ஐ. ரூம்ல பெரியவங்களே பயந்து கத்தறாங்க. ஆட்டிசம் இருக்கற ரெண்டு வயசுக் குழந்தைய ஆராய்ச்சிக்காக எப்படி அசையாம படுக்க வைக்கறாங்க? மயக்க மருந்து குடுப்பாங்களா?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விய கேக்கற நர்ஸ் நம்ம ஊருக்கு வேணும். வைத்தியத்துக்காக எடுக்கறப்ப மயக்கம் குடுப்போம், ஆராய்ச்சிக்காக மட்டும் எடுக்கறப்ப பெரும்பாலும் குடுக்கறது இல்ல, ஏன்னா குழந்தைக்கு அதால நேரடி லாபம் ஒண்ணும் இல்லாதப்ப அந்த ஆபத்த ஏத்தக் கூடாது, மயக்கத்துல மூளை வேலை செய்யற விதமும் மாறிடும். அதனால அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது, ராத்திரி வழக்கமா தூங்கற நேரத்துக்கு குழந்தைய அழைச்சுகினு வரச் சொல்றது. அம்மா வீட்டுல என்னென்ன பண்ணி தூங்க வைப்பாங்களோ, பால் குடுத்து, தட்டிக் குடுத்து, பழைய போர்வைய போத்தி, அதெல்லாம் அங்கயே பண்ணுவாங்க. நல்லா ஆழ்ந்து தூங்கினதும் காதுல அடைப்பான் வச்சு, மேல ஹெட்ஃபோன் மாட்டி, மெதுவா தூக்கி மிஷின்ல படுக்க வைப்பாங்க, ஒருத்தர் உள்ளயே குழந்தை பக்கத்துல நிப்பாங்க, கண்ணு தொறந்தா உடனே நிறுத்திடுவாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா வேலை இருக்கு. எம்.ஆர்.ஐ. சத்தம் 100 டெசிபல் தாண்டும்னு உனக்கே தெரியும், அந்த சத்தத்த பதிவு பண்ணி வீட்டுக்கு குடுத்து விடுவாங்க, தூங்கற குழந்தைக்கு முதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சத்தமா போட்டுப் பழக்கணும். ஆட்டிசம் இருக்கற நிறைய குழந்தைங்களுக்கு காதுல எதாவது வச்சாலே ஆகாது, அதனால அந்த ஹெட்ஃபோனயும் தினமும் பழக்கணும். இவ்ளோ செஞ்சும் ஒரு ராத்திரி தூங்காம போயிட்டா இன்னொரு நாள் வரணும். கொஞ்சம் பெரிய பசங்களுக்கு காந்தம் இல்லாத பொம்மை மிஷின் ஒண்ணு செஞ்சு வச்சு, அதுல படுத்து விளையாட விட்டு பயத்த போக்குவாங்க. பேச்சே இல்லாத, அறிவு வளர்ச்சியும் கொறைஞ்ச குழந்தைங்களுக்கு நடத்தைப் பயிற்சி தர்றவங்கள பக்கத்துல வச்சு, மயக்கம் இல்லாமலே டேவிஸ்ல எடுத்துக் காட்டினாங்க. இத படிச்சப்ப எனக்கு உண்மையிலயே மனசு நெறஞ்சுது, ஏன்னா எல்லா ஆய்வுலயும் முதல்ல கழட்டி விடறது அந்தக் குழந்தைங்களத்தான்.

இந்த அசைவு விஷயம் எவ்ளோ பெருசுன்னு சொல்றேன் கேளு. 2000க்கு அப்புறம் நிறைய கட்டுரை ஒரே மாதிரி சொல்லிகினு இருந்துது, ஆட்டிசம் இருக்கறவங்க மூளையில தூரத்துல இருக்கற பகுதிகளோட தொடர்பு கொறைவு, பக்கத்துப் பகுதிகளோட தொடர்பு ஜாஸ்தின்னு. 2012ல சில குழுக்கள் தனித்தனியா காட்டினது என்னன்னா, ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தலை அசைவே படத்துல அதே மாதிரி வித்தியாசத்த உண்டாக்கிடும், தூரத் தொடர்பு கொறைஞ்ச மாதிரியும் கிட்டத் தொடர்பு கூடின மாதிரியும். எந்தப் பசங்க ஜாஸ்தி அசைவாங்க? ஆட்டிசம் இருக்கற பசங்கதான். அப்போ பாத்தது ஆட்டிசத்தயா அசைவயா? அதுக்கப்புறம் பழைய முடிவுகள்ல எது நிக்கும் எது நிக்காதுன்னு எல்லாத்தயும் திரும்பப் பாக்க வேண்டியதாச்சு. அந்த 2012லயே உலகம் முழுக்க இருந்து 1112 பேரோட ஸ்கேன்கள ஒண்ணா சேத்து யாரு வேணா எடுத்து ஆராயலாம்னு பொதுவுல வச்சாங்க, ஏபைட்னு பேரு, நல்ல காரியம், ஆனா அதுல இருக்கறவங்க வயசு 7ல இருந்து 64 வரைக்கும். நமக்கு வேண்டிய ரெண்டு மூணு வயசு அதுல இல்லவே இல்ல. பெண் குழந்தைங்களும் ரொம்ப கம்மி. சின்னக் குழந்தைங்கள படம் எடுக்கறது இவ்ளோ கஷ்டங்கறதாலதான் அந்த வயசப் பத்தின அறிவு மெதுவா வருது, அதனாலதான் ராத்திரி முழிச்சு இந்த வேலைய செய்யற டெக்னீஷியனையும் நர்ஸையும் அம்மாக்களையும் நான் பெரிய மனுஷங்களா நினைக்கறேன்.

கேள்வி: நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை செய்றேன். பொண்ணுக்கு 4 வயசு, ஆட்டிசம். ஒரு சென்டர்ல கலர் கலரா மூளை படம் காட்டி, நீலமா இருக்கற இடம் வேலை செய்யல, ஸ்டெம் செல் ஊசி போட்டா செவப்பாயிடும்னு வேற குழந்தையோட முன்ன-பின்ன படம் காட்டினாங்க. லட்சக்கணக்குல கேக்கறாங்க. சம்சாரத்தோட நகைய வச்சுடலாம்னு இருக்கோம்.

பதில்: தம்பி, நகைய வைக்காதீங்க. இத முதல் வரியிலயே சொல்லிடறேன்.

அந்தப் படத்துல இருக்கற நீலமும் செவப்பும் மூளையில இருக்கற நிறம் இல்ல, கம்ப்யூட்டர்ல எந்த அளவுக்கு எந்த நிறம்னு ஒருத்தர் முடிவு பண்ணி போடறது, அளவுகோல கொஞ்சம் நகத்தினா அதே மூளை வேற கலர்ல வரும். அந்த வகை ஸ்கேனுக்கு (பெட் ஸ்கேன்னு பேரு, மூளை எந்த இடத்துல எவ்ளோ சர்க்கரைய இழுக்குதுன்னு பாக்கறது) கதிரியக்க மருந்த ஊசியில ஏத்தணும், குழந்தைக்கு பெரும்பாலும் மயக்கமும் குடுக்கணும். மயக்கம் எவ்ளோ குடுத்தாங்க, குழந்தை அன்னிக்கு தூங்கிச்சா முழிச்சிருந்துச்சாங்கறத பொறுத்தே மூளை சர்க்கரைய இழுக்கற அளவு மாறும், அதனால ஒரு குழந்தையோட ரெண்டு படத்த பக்கத்துல பக்கத்துல வச்சு ஊசியாலதான் மாறிச்சுன்னு சொல்லவே முடியாது. நாலு வயசுல மூளை தானாவும் வளர்ந்துகினுதான் இருக்கும், அதுக்கும் காசு வாங்கறாங்க. நம்ம நாட்டு ஐ.சி.எம்.ஆர். (அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) 2017ல போட்ட வழிகாட்டுதல் தெளிவா இருக்கு, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்கள் மாதிரி ஏத்துக்கிட்டதுக்குத் தவிர மத்த எதுக்கும் ஸ்டெம் செல்ல வைத்தியம்னு விக்கக் கூடாது, ஒழுங்கா அனுமதி வாங்கின ஆய்வா மட்டும்தான் செய்யலாம், ஆய்வுன்னா கலந்துக்கறவங்ககிட்ட அதுக்கு காசு வாங்கக் கூடாது. ஆட்டிசம் அந்த ஏத்துக்கிட்ட பட்டியல்ல இல்ல. உங்ககிட்ட லட்சம் கேட்டாங்கன்னாலே உங்களுக்கு பதில் கெடச்சிருச்சு.

அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் ஓவர்டைம் விட்டுட்டு தெரபிக்கு வந்து ஒக்காந்து எப்படி விளையாடணும்னு கத்துக்கறது அந்த ஊசிய விட பல மடங்கு மேல், நான் இத மனசார சொல்றேன்.

கேள்வி: கர்ப்பமா இருக்கறப்ப எடுக்கற அஞ்சாம் மாச ஸ்கேன்ல ஆட்டிசம் தெரியுமா? - சோளிங்கர்

பதில்: தெரியாது. அது உறுப்பெல்லாம் சரியா உருவாயிருக்கான்னு பாக்கற ஸ்கேன். ஆட்டிசம் அதுல தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: எங்களுது ஆரணியில தறி போடற குடும்பம். மாசமா இருக்கறப்ப தறி சத்தத்துலயே இருந்தேன், புள்ள பொறந்தப்புறம் வேலை நேரத்துல செல்போன குடுத்து உக்கார வச்சேன். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு எங்க வீட்டு ஆயா சொல்றாங்க. எனக்கு ராத்திரில தூக்கமே இல்ல.

பதில்: அம்மாடி, இத நீங்க பண்ணல. ஆறுதலுக்காக சொல்லல, மூளை ஆராய்ச்சியே சொல்றத சொல்றேன்.

2011ல அதே கோர்ஷேன் குழு, வெவ்வேற காரணத்தால இறந்து போன பசங்களோட மூளைய பெத்தவங்க தானமா குடுத்தத வச்சு, நெத்திக்குப் பின்னால இருக்கற பகுதியில நரம்பு செல்கள எண்ணிப் பாத்தாங்க. சின்ன ஆய்வுதான், ஆட்டிசம் இருந்த பையனுங்க 7 பேர், இல்லாதவங்க 6 பேர். ஆட்டிசம் இருந்தவங்களுக்கு செல் எண்ணிக்கை சராசரியா 67 சதவீதம் கூட இருந்துது. அந்தப் பகுதி செல்லெல்லாம் உருவாகறது வயித்துல இருக்கற காலத்துல, பொறந்தப்புறம் அப்படி பெருகறது இல்ல. அப்படின்னா செல்போன் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, நீங்க புள்ளைய கையில வாங்கறதுக்கும் முன்னாடி ஆரம்பிச்ச விஷயம் இது. 2019ல 5 நாட்டுல ஏறக்குறைய 20 லட்சம் குழந்தைங்கள வச்சு பாத்ததுலயும், ஆட்டிசம் வர்றதுல சுமார் 80 சதவீதம் பரம்பரைக் கூறுகள சேந்ததுன்னுதான் வந்துது. அம்மா பாசம் இல்லாம வளத்ததாலதான் ஆட்டிசம்னு மேல்நாட்டுல ஒரு காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே எழுதி எத்தனையோ தாய்மாருங்கள அழ வச்சாங்க, அது தப்புன்னு எப்பவோ தெரிஞ்சு போச்சு, நம்ம வீடுகள்ல மட்டும் வேற வேஷத்துல இன்னும் உயிரோட இருக்கு. ஆயாகிட்ட இந்தப் பக்கத்த படிச்சுக் காட்டுங்க.

செல்போன கொறைக்கணும், அது வேற காரணத்துக்காக. அதப் பாக்கற நேரம் உங்க மொகத்த பாக்காத நேரம், உங்க பையனுக்கு அந்த நேரம் ரொம்ப வேணும். அடுத்த குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா, அதுக்கு ஸ்கேன் தேடாம, 9 மாசத்துல இருந்தே வளர்ச்சிய டாக்டர்கிட்ட காட்டிகினே வாங்க, சந்தேகம் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்.

கேள்வி: தெரபி, தெரபின்றீங்க. விளையாடறதால மூளை மாறுமா? ஆதாரம் இருக்கா? - திருப்பத்தூர் வாசகர்

பதில்: இருக்குங்க. ஜெரால்டின் டாசன் குழுவினர் அமெரிக்காவில ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசுக்குள்ள இருந்த 48 குழந்தைங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு விளையாட்டோட சேத்து குடுக்கற தீவிரப் பயிற்சி ரெண்டு வருஷம் குடுத்தாங்க, இன்னொரு பிரிவு அங்க ஊர்ல வழக்கமா கெடைக்கறத எடுத்துகிச்சு. 2010ல அறிவு வளர்ச்சியிலயும் பேச்சுலயும் முதல் பிரிவு நல்லா முன்னேறினதா வந்துது, 2012ல அதே பசங்களுக்கு தலையில இ.இ.ஜி. மாட்டி மொகப் படத்தயும் பொம்மைப் படத்தயும் காட்டினப்ப, பயிற்சி எடுத்த பசங்க மூளை மொகத்துக்கு கூடுதலா வேலை செஞ்சுது, ஆட்டிசம் இல்லாத பசங்களுக்கு இருக்கற மாதிரியே. எனக்கு ஸ்கேன் ஆராய்ச்சி மேல மரியாதை வர்றது இந்த மாதிரி இடத்துலதான்.

இன்னொரு ஆய்வும் மறக்க முடியாதது. தூங்கற சின்னக் குழந்தைக்கு ஹெட்ஃபோன்ல கதை போட்டு, பேச்சக் கேக்கற பகுதி வேலை செய்யுதான்னு ஸ்கேன்ல பாத்தாங்க, 2015ல வந்துது. ஆட்டிசம் இருந்தும் பின்னால நல்லா பேச்சு வந்த பசங்களுக்கு அந்தப் பகுதி அப்பவே மத்த குழந்தைங்க மாதிரி வேலை செஞ்சிருக்கு, பேச்சு கஷ்டமா இருந்த பசங்களுக்கு மந்தமா இருந்திருக்கு. இது எதிர்காலத்துல எந்தக் குழந்தைக்கு எந்த மாதிரி பேச்சுப் பயிற்சி, யாருக்கு படம் காட்டிப் பேசற முறைய சீக்கிரமே ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ண உதவலாம். இன்னிக்கு உங்க ஊர் சென்டர்ல அத செய்ய முடியாது, அது வரைக்கும் பேச்சும் படமும் ரெண்டுமே சேத்து ஆரம்பிங்க, படம் காட்டிப் பழகினா பேச்சு வராம போயிடும்ன்றது தப்பான பயம்.

"நம்ம ஊர்ல அவ்ளோ தெரபிஸ்ட் எங்க"ன்னு அடுத்து கேப்பீங்க. கோவாவிலயும் பாகிஸ்தான் ராவல்பிண்டியிலயும் டாக்டர் இல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளருங்களுக்கு பயிற்சி குடுத்து, அவங்க மூலமா பெத்தவங்களுக்கு சொல்லிக் குடுத்து பாத்தாங்க, 65 குழந்தைங்க, 2016ல முடிவு வந்துது. பெத்தவங்க குழந்தைக்கு ஏத்த மாதிரி பதில் சொல்றதும் குழந்தை தானா பேச வர்றதும் கூடிச்சு. அதனால பேரணாம்பட்டுலயோ ஜவ்வாது மலையிலயோ இருந்தாலும் வாய்ப்பு இருக்கு. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி ஆர்.பி.எஸ்.கே.ன்ற அரசு குழந்தைகள் நலத் திட்டத்தோட டாக்டர் வண்டி வரும், அவங்ககிட்ட காட்டுங்க, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க. ஆட்டிசத்துக்கு 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளி சான்று உண்டு, அதுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட் தேவையில்ல, ஐ.எஸ்.ஏ.ஏ.ன்னு ஒரு அளவீட்டுப் படிவத்த வச்சு நடத்தைய மதிப்பிட்டுத்தான் குடுப்பாங்க. அந்த சான்று வந்தா நேஷனல் டிரஸ்ட்ன்ற மத்திய அரசு அமைப்போட நிராமயா காப்பீட்டுல சேரலாம், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும்.

கேள்வி: எங்க பையனோட ஸ்கேன ஆராய்ச்சிக்கு தர முடியுமான்னு ஒரு இடத்துல கேட்டாங்க. தரலாமா, எலி மாதிரி வச்சு பாப்பாங்களோன்னு பயம். - ராணிப்பேட்டை தம்பதி

பதில்: முறையான ஆய்வா இருந்தா தாராளமா யோசிக்கலாம். மேல நான் எழுதின எல்லாமே எங்கயோ ஒரு அம்மா அப்பா சரின்னு சொன்னதாலதான் தெரிய வந்துது, அதுலயும் பெரும்பகுதி அமெரிக்கக் குழந்தைங்க. கதை கேட்டு தூங்கின அந்தப் பசங்க கேட்டதும் இங்கிலீஷ் கதை. தமிழ் கேட்டு வளர்ற, ஆயா தாத்தா சித்தப்பான்னு பத்து பேர் நடுவுல வளர்ற குழந்தையோட மூளையயும் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உக்காந்து கேளுங்க. ஆஸ்பத்திரியோட எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நியாயமா நடக்குதான்னு பாக்கற குழு) அனுமதி இருக்கா? எங்ககிட்ட ஏதாவது காசு கேப்பீங்களா, போக வர பஸ் செலவு குடுப்பீங்களா? ஏற்கனவே எடுத்த ஸ்கேன் போதுமா, புதுசா எடுப்பீங்களா, புதுசுன்னா தூக்கத்துலயா மயக்கத்துலயா? பேரயும் மொகத்தயும் எடுத்துட்டுத்தானே வச்சிருப்பீங்க? (தலை எம்.ஆர்.ஐ.யில இருந்து மொகத்த திரும்ப உருவாக்க முடியும், அதனால அந்தப் பகுதிய அழிச்சுட்டுத்தான் பகிரணும்.) எதிர்பாராம வேற ஏதாவது நோய் கண்ணுல பட்டா எங்களுக்கு சொல்வீங்களா? நடுவுல வேணாம்னு தோணினா வெளிய வந்துடலாமா, அதனால எங்க வைத்தியத்துல ஏதாவது கொறை வருமா? இதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்றவங்ககிட்ட தரலாம். படிவத்த தமிழ்ல கேளுங்க, அன்னிக்கே போடச் சொன்னா போடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பெரியவங்களோட சேந்து படிங்க, போட்டப்புறம் ஒரு காப்பிய மறக்காம வாங்கிகினு வாங்க.